பேர் எழுதியவர்கள் போன பின்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மலை ஏறி, கேட்ட கிலோ கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். “இந்த மாசம் எத்தன பேரு?” என்றால் எத்தனை நாள் சம்பளம் என்று பொருள். அந்தப் பேரைச் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஏற்றுபவர் கணக்கப்பிள்ளை. உழைப்பையே பேராக எண்ணிப் பழகிய ஒரு சமூகத்தில், அந்தப் பேரை எழுதும் கை தலைமுறை தலைமுறையாக வேறொருவருடைய கையாக இருந்திருக்கிறது. ஹட்டன், நுவரெலியா பக்கத்தில் வயது வந்தோர் எழுத்தறிவைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் இந்தச் சொல்லிடம்தான் வந்து நிற்கிறேன்.

மக்கள் கல்விக்காக உழைத்த நெடுங்காலத் தலைவர் ஒருவர் விலகும்போதோ மறையும்போதோ, ‘அடுத்து யார்?’ என்று கேட்பது வழக்கம். மலையக வரலாற்றைப் புரட்டினால் அதற்கு முந்திய கேள்வி ஒன்று எழுகிறது. அவர் இருந்த காலத்தில் வாசித்தவர் யார்? மக்களுக்காக அவர் வாசித்தாரா, மக்கள் தாங்களே வாசிக்கும்படி செய்தாரா? இங்கே நல்ல தலைவர்கள் பலர் வந்தார்கள், போனார்கள். ஒருவர் சாவால் போனார், ஒருவர் கலவரத்தால் போனார், பல ஆயிரம் பேர் ஒப்பந்தத்தால் போனார்கள். ஒவ்வொரு முறையும் பின்னால் நின்றவர்களின் கையில் ஒரு காகிதம் இருந்தது. அதை வாசிக்கத் தெரிந்தவர்தான் போய்விட்டிருந்தார்.

முதல் காகிதம், துண்டு. ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குப் போக அது வேண்டும். இந்த ஆட்களுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று தோட்டத்தை நடத்தும் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. ஆட்களைத் திரட்டி மேய்க்கும் கங்காணி அதை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு துரையிடம் காட்டுவார். அந்தத் துரை கடனை ஏற்று ஆட்களை எடுத்துக்கொள்வார். யாருடைய கடன் அதில் எழுதியிருந்ததோ, யாருடைய கால்கள் அதனால் நடந்தனவோ, அவர்களுக்கு அதில் ஒரு எழுத்தும் புரியாது. 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. பின்னர் வந்தது பற்றுச்சீட்டு, மக்கள் வாயில் பத்துச்சீட்டு. வேலையை விட்டு நீக்கியதற்கான சீட்டு. “பத்துச்சீட்டு குடுத்துட்டாங்க” என்றால் லயம் என்ற வரிசை வீட்டில் இருக்கும் காம்பராவையும் காலி செய்ய வேண்டும் என்று அர்த்தம். ஒரு குடும்பத்தின் கூரையைப் பறிக்கிற காகிதத்தை அந்தக் குடும்பத்தில் ஒருவராலும் வாசிக்க முடியாது என்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அக்காலத்தில் ஒருவர் முழுதாக உணர்ந்தார்.

அவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்க்காரர், ஆசிரியராக இருந்தவர், பத்திரிகையாளர். தோட்டத்துக்குள் வெளியாள் நுழைந்தால் அத்துமீறல் குற்றம் என்று பிடித்துக்கொடுக்கும் காலத்தில், புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போய் வந்தவர். ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ என்று பத்திரிகைகள் நடத்தினார். 1920களில் சட்டசபைக்குப் போனார். 1931இல் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். தொழிற்சங்க முன்னோடி என்றே அவரை நினைவுகூர்கிறோம். என் கண்ணுக்கு அவர் மலையகத்தின் முதல் முதியோர் கல்வியாளர். தொழிலாளர் சட்டத்தையும் உரிமையையும் எளிய தமிழில் சிறு நூல்களாக எழுதி அச்சிட்டு லயங்களுக்கு அனுப்பினார். எழுத்துத் தெரியாதவர்களுக்குப் புத்தகம் எதற்கு என்று அவர் தயங்கவில்லை. ஒருவர் உரக்கப் படிக்க லயமே சுற்றி உட்கார்ந்து கேட்கும் பழக்கம் அங்கே இருந்தது. மழைக்கால இரவுகளில் பெரிய எழுத்துப் புத்தகங்களில் அல்லி அரசாணியையும் நல்லதங்காளையும் அப்படித்தான் கேட்டார்கள். அந்தக் காதுகளுக்குச் சட்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார் நடேசய்யர்.

அவர் மனைவி மீனாட்சி அம்மை இன்னும் ஒரு படி கீழே இறங்கி வந்தார். கூட்டம் தொடங்குமுன் மேடையேறிப் பாடுவார். மக்களுக்குத் தெரிந்த மெட்டில் சம்பளக் குறைவு, கங்காணியின் கொடுமை, இந்தியரை ஒதுக்கும் அரசியல் எல்லாம் பாட்டாக வரும். 1940இல் அந்தப் பாட்டுகள் சிறு நூலாக அச்சேறின. கல்வி வாயிலிருந்து காதுக்குப் போய், காதிலிருந்து மறுபடி வாய்க்கு வந்தது. அச்சுத்தாள் அதன் சாட்சி மட்டுமே.

அந்தக் காலத்தில் எழுத்துக்கும் வாக்குக்கும் நேரடித் தொடர்பு இருந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். 1931இல் டொனமூர் அரசியலமைப்பு இலங்கையருக்கு எழுத்தறிவு நிபந்தனை இல்லாமல் சர்வசன வாக்குரிமை தந்தது. இந்திய வம்சாவளியினருக்கு அந்தக் கதவு அகலத் திறக்கவில்லை. நிரந்தர வதிவை நிரூபிக்க வேண்டும், அல்லது எழுத்தறிவும் சொத்தும் இருப்பதாகக் காட்ட வேண்டும், அல்லது இங்கேயே நிலைத்துவிட்டேன் என்று சான்றிதழ் பெற வேண்டும். மூன்று வழியிலும் காகிதம் நின்றது. பக்கத்துக் கிராமத்தில் எழுத்தே தெரியாத ஒருவர் போய் வாக்குப் போட்டார். தோட்டத்தில் இருந்தவருக்கு மட்டும் எழுத்து ஒரு சுங்கச்சாவடி ஆயிற்று.

அப்படியிருக்க, தோட்டத்தில் எழுத்துக் கற்க என்ன வழி இருந்தது? 1907ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 10 வயதுவரையான பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத்துரையின் தலையில் போட்டது. லயத்தின் ஓரக் காம்பராவிலோ பிள்ளைக் காம்பராவின் பக்கத்திலோ ஓர் ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் ஒன்றாக வைத்து நடத்துவார். கைக்குக் கொழுந்து எட்டும் வயது வந்ததும் பிள்ளை மலைக்குப் போய்விடும். பெரியவர்களுக்கு அதுவும் இல்லை. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிக்கூடம் தோட்டத்துக்குள்ளேயே கிடந்தது. 1970களின் இறுதியில்தான் அரசு அவற்றைப் பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியது.

நடேசய்யர் 1947 நவம்பரில் இறந்தார். அதற்கு முன்பே அவருடைய சங்கம் தேய்ந்துவிட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1939இல் தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொழிலாளர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஆனால் அவர் மறைந்த நேரம் கொடியது. அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும், அதே ஆண்டில் வாக்காளர் பட்டியலை மாற்றிய திருத்தமும் வந்தன. 1947 தேர்தலில் மலைநாட்டிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள். 1952இல் ஒருவரும் போகவில்லை. போன ஏழு பேரில் ஒருவர் தலவாக்கலைத் தொகுதியின் சி. வி. வேலுப்பிள்ளை. ஆசிரியர், கவிஞர். நாடாளுமன்றத்தை விட்டு வந்தபின், எழுதத் தெரியாத தன் மக்களின் பாடல்களைச் சேகரித்து எழுத்தில் காப்பாற்றினார். தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து மலைப் பாட்டும் அவர் கையெழுத்தில் ஏறாமல் இருந்திருந்தால் அந்தப் பாட்டிகளோடு போயிருக்கும்.

1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் விண்ணப்பத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1946 ஜனவரி முதல் தேதிக்கு முன்பாக, மணமானவர் என்றால் 7 ஆண்டும் மணமாகாதவர் என்றால் 10 ஆண்டும் தொடர்ந்து இலங்கையில் வசித்திருக்க வேண்டும். வருமானம் காட்ட வேண்டும். மனைவி மக்கள் உடனிருந்ததையும் காட்ட வேண்டும். முந்திய தோட்டத்தில் எப்போது பேர் பதிந்தார்கள், இந்தியாவுக்குப் போன பயணம் எந்த மாதம், பிள்ளை பிறந்தது எந்த லயத்தில், பிறப்பைப் பதிந்தவர் அப்பா பெயரை எப்படி எழுதினார், எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ‘முத்துச்சாமி’ ஒரு காகிதத்தில் ‘முத்தையா’ என்று இருந்தால் போதும், விசாரணை அங்கே நின்றுவிடும். தலைவர்கள் முதலில் இந்தச் சட்டத்தைப் பகிஷ்கரிக்கச் சொன்னார்கள். காலக்கெடு நெருங்கிய பிறகு விண்ணப்பிக்கச் சொன்னார்கள். 1951 ஆகஸ்டுக்குள் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. அவை 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களைப் பற்றியவை. பத்தாண்டு விசாரணைக்குப் பின் குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர்.

இந்த எண்களை அரசியல் வஞ்சனை என்றே நாம் படிக்கிறோம். அது சரிதான். சட்டத்தை எழுதியவர்களின் நோக்கம் ஒளிவுமறைவானது அல்ல. அதனுள்ளே இன்னொன்றையும் நான் பார்க்கிறேன். எட்டு இலட்சம் பேரின் தலைவிதி, அவர்களில் பெரும்பாலோரால் படிக்க முடியாத ஒரு படிவத்தில் எழுதப்பட்டது. நிரப்பியவர் ஒருவர், அத்தாட்சி இட்டவர் ஒருவர், விசாரித்தவர் ஒருவர். விண்ணப்பித்தவர் வைத்தது பெருவிரல் ரேகை.

பிறகு 1964 அக்டோபர் 30. இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடியுரிமை இல்லாதவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு போட்டது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். ஹட்டனில் ரயிலேறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேசுவரம் இறங்கியவர்கள் நான்கு இலட்சத்துக்கும் மேல். போனவர்களில் தொழிலாளி மட்டும் இல்லை. லயத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவரும், சங்கக் கூட்டக் குறிப்பு எழுதியவரும், இரவில் அரிக்கன் விளக்கை வைத்துப் பத்துப் பேருக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்த இளைஞரும் பெட்டி கட்டினார்கள். ஓர் அமைப்பின் தலைவர் விலகினால் செய்தியாகிறது. ஒரு லயத்தின் வாசகர் விலகியது எந்தப் பதிவிலும் ஏறவில்லை.

இதே காலத்தில் ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் ஆசிரியராகவும் பின்னர் அதிபராகவும் இருந்தார். ‘இந்தியத் தமிழர்’ என்ற ஒட்டுப்பெயருக்கு வெளியே வந்து, ‘மலையகத்தவர்’ என்று தன்னை நிமிர்ந்து சொல்லிக்கொண்ட தலைமுறை ஒன்று அந்த வகுப்பறைகளிலிருந்து வந்தது. அவருடைய பணி பள்ளிக்கூட மதிலோடு முடியவில்லை. இளைஞர்களைச் சேர்த்து இயக்கமாக்கினார், எழுதத் தூண்டினார். 1983 இனக்கலவரத்துக்குப் பின் அவர் தமிழகம் போனார். நீலகிரியில் தாயகம் திரும்பியோர் மத்தியில் வேலை செய்தார். திரும்பிப் போனவர்களில் பலர் அங்கேயும் தேயிலைத் தோட்டத்தில்தான் இருந்தார்கள். அவர்களுக்கென்றே தமிழக அரசு நடத்திய தோட்டங்களில் அதே கொழுந்து, அதே கூடை. 1999இல் சிவலிங்கம் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற ஹட்டனில் அவர் இல்லாத இடத்தை அவர் மாணவர்கள் நிரப்பினார்கள் என்பதை நடேசய்யரின் கதையோடு வைத்துப் பார்க்க வேண்டும். நடேசய்யர் மக்களுக்காக வாசித்தார், அவருக்குப் பின் வாசிப்பு நின்றது. சிவலிங்கம் வாசிக்கிறவர்களை உண்டாக்கினார், அவர் போனபின் அவர்கள் வாசித்தார்கள். ஆனால் அவர்கள் இளையவர்கள், பள்ளிக்கூடம் எட்டியவர்கள். லயத்தில் கூடை சுமந்த அம்மா அப்போதும் ரேகைதான் வைத்தார்.

அந்த அம்மாவைத் தேடிப் போன இயக்கம் ஒன்று தமிழகத்தில் நடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும் அறிவியல் இயக்கத் தொண்டர்களும் சேர்ந்து நடத்தினார்கள். தெருவிளக்கடியிலும் கோயில் திண்ணையிலும் வகுப்பு நடந்தது. தொண்டர்கள் ஊதியம் வாங்காத இளைஞர்கள், அவர்களில் பெரும்பகுதி பெண்கள். அறிவொளிப் பாடநூலின் முதல் பாடத்தில் ‘பட்டா’ என்ற சொல் இருந்தது. நிலமில்லாத கூலிப் பெண்ணின் கையில் முதல் சொல்லாக நில உரிமைக் காகிதத்தின் பெயரைக் கொடுத்தது சும்மா இல்லை. வகுப்போடு சைக்கிளும் வந்தது. ஆயிரம் ஆயிரமாகப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல்லுடைக்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளையே குத்தகைக்கு எடுத்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியது பலர் நினைவில் இருக்கும்.

அடுத்த ஆண்டு மாவட்டம் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆட்சியரும் மாறுதலாகிப் போனார். வேகம் தணிந்தது. தொடர்கல்வி மையங்கள் பல பூட்டிக் கிடந்தன, கற்ற எழுத்து சிலருக்கு மறந்தும் போனது. இதைத் தோல்வி என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மாவட்டத்தில் நெடுநாள் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பிரான்சிஸ் கோடியின் நூல் 2013இல் வெளிவந்தது. ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுக் கொண்டுபோகும் தலித் பெண்கள் ரேகைக்குப் பதில் கையெழுத்துப் போடுவதை அவர் கூர்ந்து கவனித்திருக்கிறார். கையெழுத்துப் போட்டதால் மட்டும் மனு நிறைவேறிவிடுவதில்லை. ஆனாலும் மனு யாருடையது என்பதில் ஒரு மாற்றம் நடந்துவிட்டது. தலைவர் போனபின்னும் மிஞ்சியது அதுதான். சைக்கிளும் மிஞ்சியது.

எழுத்து வாக்காக மாறும் இடத்தில் என்ன நடக்கும் என்பதைக் கடலுக்கு அப்பால் பிரேசிலில் மிகக் கசப்பாகக் கற்றார்கள். 1963இல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே சுமார் 300 தொழிலாளருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு கொடுத்தார். அந்நாட்டில் அப்போது எழுதத் தெரியாதவருக்கு வாக்கில்லை. அரசு அவரது முறையை நாடு முழுவதும் கொண்டுபோகத் தயாரானது. 1964 ஏப்ரலில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது, திட்டம் நிறுத்தப்பட்டது, ஃப்ரெய்ரே சிறை சென்று பின் நாடு நீங்கினார். எழுத்தையும் வாக்கையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கும் நாட்டில் எழுத்துக் கற்பிப்பவரை நெடுநாள் இருக்க விடமாட்டார்கள்.

மலையகத்தில் பெரியவர்களிடம் போன நிறுவனங்களில் நான் மதிக்கும் ஒன்று கண்டியில் 1972இல் தொடங்கிய சத்தியோதயம். இயேசு சபைத் துறவி போல் கெஸ்பர்ஸ் நிறுவியது. சிங்களக் கிராமத்தாரையும் தோட்டத்துத் தமிழரையும் ஒரே அறையில் உட்காரவைத்து அவரவர் வாழ்க்கையைப் பற்றிப் பேசவைப்பதே அங்கே கல்வியாக இருந்தது. குடியுரிமையும் இன நீதியும் கூலியும் அவருக்கு ஒரே பாடத்தின் பகுதிகள். பல பத்தாண்டுகள் அதன் முகமாக இருந்த அவர் 2017இல், 90 வயதைக் கடந்து, மறைந்தார். அவரைப் போன்ற ஒருவர் போனபின் அமைப்பின் பெயர்ப்பலகை நிற்கலாம். ஆனால் கிராமத்துச் சிங்களவரும் லயத்துத் தமிழரும் அவர் இல்லாமல் அதே அறையில் மறுபடி கூடுகிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்றைய நிலைக்கு வருவோம். பிள்ளைகளின் பக்கம் பெரும் மாற்றம் நடந்திருக்கிறது. சுவீடன் உதவியோடு 1980களில் தோட்டப் பள்ளிக்கூடங்கள் கட்டப்பட்டன. ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. அதில் பயின்ற ஆசிரியர்களில் பலர் தோட்டத்திலேயே பிறந்தவர்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டின் எழுத்தறிவு 95 சதவீதத்தைத் தாண்டியது, தோட்டத்துறையில் அது 86 சதவீத அளவில் நின்றது. அந்த இடைவெளியில் நிற்பவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள். நாற்பது ஆண்டு கொழுந்து எடுத்த கைகள் அவை. கல்வி அமைச்சின் முறைசாராக் கல்விப் பிரிவு அவர்களுக்கும் உரியதுதான். ஆனால் மாலை ஐந்து மணிக்கு மலையிலிருந்து இறங்கி, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டும் பெண்ணுக்கு வகுப்பு எந்த நேரத்தில் என்று கேட்காமல் போட்ட திட்டம் எதுவும் லயத்துக்குள் வராது.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. நுவரெலியா, அம்பகமுவ பிரதேச செயலகங்கள் சட்டப்படி இருமொழி நிர்வாகம் நடக்க வேண்டியவை. ஆனால் காவல் நிலையத்தில் தமிழில் சொன்ன முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, கீழே கையெழுத்துக் கேட்பது இன்றும் நடக்கிறது. தமிழ் எழுதப் படிக்க நன்றாகத் தெரிந்த இளம்பெண் அந்த நிமிடத்தில் தன் பாட்டியின் இடத்துக்குத் திரும்பிவிடுகிறாள். படிக்க முடியாத காகிதத்தின் அடியில் தன் பேரை வைக்கிறாள். கையெழுத்து அழகாக இருக்கும். பாட்டி வைத்த ரேகைக்கும் அதற்கும் அங்கே வேற்றுமை இல்லை. தபாலும் அப்படித்தான். பல தோட்டங்களில் கடிதம் லயத்துக்கு வருவதில்லை, தோட்ட ஆபிசுக்கு வருகிறது. வேலைக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் நாள் கடந்து கைக்கு வந்த பையன்கள் மலையகமெங்கும் இருக்கிறார்கள். வாசிக்கத் தெரிந்தும் வாசிக்கக் கிடைக்காத நிலை அது. தோட்டக் குடும்பங்களுக்கு வீட்டுக்கென வழங்கும் ஏழு பேர்ச் காணிக்கான உறுதி கைக்கு வந்தவர்கள் அதை வாசிக்க வேண்டிய காலமும் இதுதான். அறிவொளியின் ‘பட்டா’ மலையகத்துக்கு இப்போதுதான் பாடமாகிறது.

மலையகத்தில் முதியோர் வகுப்பு ஒன்று தொடங்கினால் முதல் பாடத்துக்கு எந்தச் சொல் என்று என்னைக் கேட்டால், ‘பேர்’ என்பேன். இரண்டாம் பாடம் சம்பளச் சீட்டு. அதில் ஒரு வரிசையில் பேர், அடுத்ததில் கிலோ, மேலதிகக் கொழுந்து. அதன் கீழே பிடிமானங்கள்: சேமலாப நிதிக்கு 8 சதவீதம், பண்டிகை முற்பணம், சங்கச் சந்தா, கோயில் பணம். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்த பிறகு பல தோட்டங்களில் ஒரு பேருக்கான கிலோ ஏறியது, அரைப் பேர் கூடியது. கூடிய சம்பளம் எந்த வரிசையில் நுழைந்து எந்த வரிசையில் வெளியேறியது என்பது அந்தச் சிறு சீட்டிலேயே இருக்கிறது.

சம்பள நாளில் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வரும் பாட்டி, பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தியிடம் அதைக் கொடுப்பார். பேத்தி சீருடை மாற்றாமலே வாசலில் உட்கார்ந்து படிப்பாள். “பேரு பதினெட்டு, அரைப் பேரு நாலு, அம்மாயி.” பாட்டி விரல் மடித்து எண்ணுவார். நாள் தவறாமல் மனதில் குறித்து வைத்திருப்பார். “பத்தொம்பதுடி. இன்னொருக்கா பாரு.” பேத்தி மறுபடி பார்ப்பாள். சீட்டில் பதினெட்டுதான் இருக்கும். மறுநாள் பெரட்டுக்குப் போகும்போது பாட்டி அந்தச் சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போவார்.